எண்ணெய்ச் சட்டி வைத்த வீடு

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். எங்கள் கல்லாத்துப்பட்டியில் தீபாவளி கும்பிடுகிற வெள்ளாமைக்காரர்கள் வீட்டிலும் இதுதான் வழக்கம், கிறிஸ்மஸ் கொண்டாடுகிற கோயில் தெருவிலும் இதுதான் வழக்கம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது சாமியை மாற்றிக்கொண்டார்களே தவிர அடுப்படியை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. சட்டி ஏறாத வீடு பண்டிகை நாளில் வாய் காய்ந்து கிடக்கவும் விடமாட்டார்கள். அவரவர் வீட்டில் சுட்ட முதல் ஈட்டைத் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடி, தெருவே திரண்டு கொண்டுபோய்க் கொடுக்கும். மற்ற வீடுகளுக்குப் பலகாரத் தட்டு திறந்துதான் போகும். துணி மூடிப் போனால் அது துக்கத் தட்டு. நாத்தனார் தட்டு முன்னால் போக வேண்டும். துக்க வீட்டுக்காரி எழுந்து வந்து, பேசாமல், முந்தானையை விரித்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டால், போனவர் போய்விட்டார் என்று அவளும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதற்காகத்தான் இந்த வழக்கத்தையே உண்டாக்கினார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அறுபத்தேழாம் வருஷக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், மத்தியானச் சோறு ஆன பிறகு, கோயில் தெருவில் சவுரியப்பன் வீட்டுக் கூரையிலிருந்து எண்ணெய்ப் புகை கிளம்பியது.

தெரு முழுக்கவே அன்றைக்குப் புகைதான். துவரை மார் எரிகிற புகை, வெல்லப் பாகு காய்கிற வாசனை, கடலை எண்ணெய் பொங்குகிற நெடி எல்லாம் கலந்து மார்கழிக் குளிருக்கு இதமாகத் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் கிறிஸ்மஸ் என்றால் கச்சாயம்தான். மற்ற ஊர்க்காரர்கள் அதிரசம் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்து, பாகில் கிளறி, இரண்டு நாள் பானையில் மூடிவைத்து, அப்புறம் இலையில் தட்டிச் சுட வேண்டும். பாகு கொஞ்சம் முந்தினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும், கொஞ்சம் பிந்தினால் கடப்பாரை வைத்து உடைக்க வேண்டிவரும். அந்தத் தெருப் பெண்கள் ஒருத்தி கச்சாயத்தை இன்னொருத்தி முழுமனசாகப் பாராட்டியதாகச் சரித்திரம் கிடையாது. ஆனாலும் எல்லார் வீட்டிலிருந்தும் எல்லார் வீட்டுக்கும் போகும். ரோட்டோரத்துப் பாய்மார் வீடுகளுக்குப் போகும், வெள்ளாமைக்காரர் வீடுகளுக்குப் போகும். பங்குக் கோயிலில் கொடுத்த அமெரிக்கா கோதுமையைக் களியாக்கித் தின்று வருஷத்தை ஓட்டிய வீட்டிலும் அந்த ஒரு நாளைக்குக் கை தாராளமாகிவிடும்.

தம்பி வீட்டுப் புகையை முதலில் பார்த்தவள் பெரியம்மாள். சவுரியப்பனின் அக்கா. நாலு வீடு தள்ளி இருந்தாலும் தம்பி வீட்டில் தும்மினால் அவளுக்குக் கேட்கும்.

"ஏ பாஞ்சாலி, செத்த அங்க பாரு. எந்தம்பி வூட்டுக் கூரையில பொகை வருதா, இல்ல எங்கண்ணுதான் அவிஞ்சு போச்சா?"

பாஞ்சாலி வெள்ளாமைக்கார வீட்டுப் பெண். வருஷா வருஷம் பெரியம்மாளுக்கு முறுக்குப் பிழிந்து தர ஒத்தாசைக்கு வருவாள். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பொகைதாங்க. கடலெண்ண வாசன வேற வருதுங்களே."

"சட்டியா வெச்சுட்டா?"

"முந்தாநேத்தே அருளாயக்கா மாவு இடிச்சுக்கிட்டிருந்தாங்க. எதுக்குங்கக்கான்னு கேட்டேன். எதுக்குன்னு கேக்கற, ராயப்பனுக்குத்தான், வந்தான்னா மொதல்ல கச்சாயந்தான கேப்பான்னு சொன்னாங்க. எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சுங்க. ஒண்ணும் பேசாம வந்துட்டேன்."

பெரியம்மாள் கையிலிருந்த முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். அவள் வீட்டு மூலையில் ஏற்கெனவே ஒரு தட்டு, துணி போட்டு மூடித் தயாராக இருந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு தட்டு மூடியிருந்தது.

ராயப்பன் சவுரியப்பனுக்கும் அருளாயிக்கும் ஒரே பையன். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. சவுரியப்பன் கிணறு வெட்டுகிறவன். பாறைக்குள் வேட்டு வைக்கிற வேலையில் மகனை விடக்கூடாது என்று அருளாயி ஒரே பிடிவாதமாக இருந்ததால், மீசை அரும்பியதும் ராயப்பன் லாரிக்குக் கிளீனராகப் போனான். ரோட்டோரத்து முனாப்தான் அந்த லாரிக்கு டிரைவர். கடத்தூர் மண்டிக்காரர் ஒருவருடைய லாரி. அருளாயி முனாப்பைத் தம்பி என்று கூப்பிடுவாள், அதனால் ராயப்பனுக்கு அவன் மாமா ஆகிவிட்டான். "எங்கண்ணுல காட்டிக் கூட்டிக்கிட்டுப் போற தம்பி, அதே மாதிரி எங்கண்ணுல காட்டிரு" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

போன வருஷம் இதே நாளில் அருளாயி ஒரு மூட்டை கச்சாயம் கட்டிக்கொடுக்க, ராயப்பன் அதை லாரியில் வைத்துக்கொண்டு அரூர் வரைக்கும் வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போனான். டீக்கடைக்காரனுக்கு, ரயில்வே கேட்டுக்காரனுக்கு, ரோட்டில் கல் உடைக்கிறவர்களுக்கு, மாடு மேய்க்கிற கிழவிக்கு. "இப்பிடி நிறுத்தி நிறுத்திப் போனா லோடு என்னிக்குடா எறங்கும்?" என்று முனாப் சலித்துக்கொண்டால், "இன்னிக்கு ஒரு நாளைக்கு இது பாலன் பொறந்த லாரி மாமா" என்பானாம். பெரியவர்கள் வயசில் பாதிகூட இல்லாத அந்தப் பையனுக்கு, கொடுக்கும்போது வருகிற சந்தோஷம் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

இந்த வருஷம் ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. வெல்ல லோடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தென்பெண்ணையில் வெள்ளம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி சமயத்தில் கிளீனர் கீழே இறங்கி, கையில் கம்பும் டார்ச்சு லைட்டும் வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் தடம் பார்த்து முன்னால் நடப்பான். அவன் முழங்கால் நனைகிற வரைக்கும் லாரி பின்னால் ஊர்ந்து வரும், அதற்கு மேல் நனைந்தால் நின்றுவிடும். எல்லா லாரிக்காரனும் செய்கிற வேலைதான். முனாப், "எறங்கிப் பாருடா" என்று சொன்னான், ராயப்பன் இறங்கினான். விடிந்தும் விடியாத நேரம். நடுப்பாலத்தில் ஒரு பாளம் பெயர்ந்து போயிருந்தது தண்ணீருக்கு மேலே தெரியவில்லை. லாரி வெளிச்சத்தில் பையன் ஒரு அடி எடுத்து வைத்தான். அப்புறம் வெளிச்சத்தில் வெறும் தண்ணீர்தான் ஓடியது. "ஒரு சத்தங்கூட இல்லீங்க மாமா. கூப்புட்டிருந்தாலும் அந்த எரைச்சல்ல எனக்குக் கேட்டிருக்காது" என்று முனாப் பிறகு சவுரியப்பனிடம் சொன்னான்.

சவுரியப்பனும் முனாப்பும் இன்னும் நாலு ஆட்களும் கரையோடு கரையாகச் சாத்தனூர் அணை வரைக்கும் நடந்து தேடினார்கள். முள்ளில் சிக்கிய செத்த ஆடுகள் கிடைத்தன, கூரைகள் கிடைத்தன, பையன் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் சவுரியப்பன் முனாப்பின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாய், நீங்க சொன்னா அவ நம்புவா. பையன் அந்தாண்டக் கரையில ஏறுனத பாத்தேன்னு சொல்லிருங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா மாமா?"

"ரெண்டு நாளைக்குத்தான். நெஞ்சு வலிக்காரி. திடுதிப்புன்னு சொன்னா தாங்கமாட்டா. நானு பையப் பையச் சொல்லிக்கறேன்."

முனாப் சொன்னான். அருளாயி கேட்டாள். அவ்வளவுதான். சவுரியப்பன் பையப் பையச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது சாயங்காலம் சொல்லலாம் என்று நினைப்பான், சாயங்காலம் வந்து அவள் முகத்தைப் பார்த்தால் காலையில் சொல்லலாம் என்று தோன்றும். ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் வந்துவிட்டது. தெருவில் எல்லாருக்கும் நடந்தது தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. யாராவது ஜாடைமாடையாக ஆரம்பித்தால், "நீ பாத்தியா? பாத்தவன் முனாப்பு. அவன் எங்கிட்ட சொல்லியிருக்கான்" என்று வாயை அடைத்துவிடுவாள். முனாப் அந்தத் தெருப்பக்கமே வராமல் ஒரு நடைக்கு இரண்டு நடையாக லாரியோடு வெளியூரிலேயே கிடந்தான்.

பொழுது மேற்கே சரிந்தபோது பெரியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே தெருப் பெண்களும் தட்டுகளோடு வந்தார்கள். கெட்ட எண்ணம் ஒருத்திக்கும் கிடையாது. அந்த வீட்டை விட்டுவிட்டுத் தங்கள் வீட்டில் ஒரு கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட யாருக்கும் மனசு வரவில்லை, அதுதான் உண்மை. சட்டி வைத்துவிட்டாளே என்ற பயமும் இருந்தது.

சவுரியப்பன் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகுத் தாளால் குடில் கட்டிக்கொண்டிருந்தான். தட்டுகளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே அருளாயி அடுப்புக்கு முன்னால் இருந்தாள். பூவரச இலையில் எண்ணெய் தடவி, மாவு உருண்டையை வைத்து, நாலு விரலால் தட்டி எண்ணெயில் வழுக்கிவிட்டாள். முகமெல்லாம் அனலில் சிவந்திருந்தது.

"வாங்க அண்ணி. கையெல்லாம் மாவு, எந்திரிக்க முடியல. உக்காருங்க எல்லாரும். இந்த வருஷம் பாகு எனக்கே நல்லா வந்துருக்குது."

யாரும் உட்காரவில்லை. அருளாயி திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் துணிகளைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எந்த வூட்டுக்குப் போவுது?"

"இந்த வூட்டுக்குத்தான் அருளாயி" என்றாள் பெரியம்மாள்.

"வழி தப்பி வந்துட்டீங்க அண்ணி. இந்த வூட்டுல யாரு செத்தாங்க?"

"சட்டிய எறக்குடியம்மா. நாஞ்சொல்றத கேளு. அவன் ஆத்துமா அலையும்."

"எம்புள்ள அலையறது நெசந்தான். ஆத்துமா அலையல, ஆளு அலையறான். டார்ச்சு லைட்ட ஆத்துல வுட்டுட்டு, மொதலாளி என்ன சொல்வாரோன்னு பயந்துக்கிட்டு எங்கியோ திரியறான். சின்னதுல இருந்தே அப்பிடித்தான. சொம்பத் தொலச்சுட்டு ரெண்டு நாளா சோளக்காட்டுல ஒளிஞ்சுக்கிட்டவந்தான? பெங்களூருல ஏதாவதொரு லாரி செட்டுல கெடப்பான். கிறிஸ்மஸுக்கு வராம இருக்கமாட்டான். வந்து பாக்கறப்ப, ஊரெல்லாம் சட்டி காஞ்சு நம்ம வூட்டு அடுப்பு மட்டும் அவிஞ்சு கெடந்தா அவன் என்ன நெனப்பான்? நம்மளச் செத்தவன்னே முடிவு கட்டிட்டாளே எங்கம்மான்னு நெனைக்கமாட்டானா?"

"எத்தினி நாளைக்குடி இப்பிடி? எனக்கு மட்டும் வலிக்கலையா? அவன் பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்தது இந்தக் கையி. வருஷப் பண்டிகையில அந்தக் கையாலயே உனக்கு இந்தத் தட்டக் கொண்டாந்துருக்கறேன். எனக்கு என்ன, ஆசையா?"

"எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணி."

"அருளாயி."

"நீங்க பாத்தீங்களா, அவன் போனத? ஒருத்தராச்சும் பாத்தீங்களா?"

பெரியம்மாள் வாசல் பக்கம் திரும்பித் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், கல்லாட்டம் உக்காந்துருக்கறயே. நீ ஒரு வார்த்த சொல்லேண்டா."

சவுரியப்பன் எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்தான். மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு சட்டியைப் பார்த்தான்.

"கச்சாயம் கருவுது" என்றான்.

அருளாயி சட்டென்று கரண்டியால் அதை எடுத்து வடியவிட்டாள். பிறகு கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சட்டியப் பாத்துக்கங்க. தீய எறக்கிராதீங்க. பாத்தவன் ஊருலதான் இருக்கான், காலையில லாரி வந்துச்சு. அவனக் கூட்டிக்கிட்டு வந்து உங்க எல்லாரு முன்னாலயும் சொல்லச் சொல்றேன். அப்புறம் எல்லாரும் அந்தத் துணிய எடுத்துப் போட்டுட்டு, தொறந்த தட்டாக் குடுங்க. வாங்கிக்கறேன்."

யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். ஆனால் தெருவே சொல்ல முடியாததை யாராவது ஒருவர் சொல்லித் தொலைக்கட்டும் என்று எல்லார் மனசிலும் ஒரு மூலையில் இருந்திருக்கும்.

முனாப் வீட்டு வாசலில் அவன் மனைவி ரோஷன் பீ நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் கிறிஸ்மஸ் நோன்பு மாசத்தில் வந்திருந்தது. முனாப் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தான். அருளாயியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். நின்றவனுக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்ன தம்பி, எளச்சுப் போயிட்ட? அக்கா வூட்டுப் பக்கம் வரவே கூடாதுன்னு இருக்கறயா?"

"ட்ரிப்பு ஜாஸ்தியா இருக்குதுங்க்கா."

"இருக்கட்டும். இப்ப எங்கூட வா. எங்க தெருப் பொம்பளைங்க துக்கத் தட்டு எடுத்துக்கிட்டு வந்து வூட்டுல நிக்கறாங்க. நாஞ்சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. நீ வந்து ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு."

ரோஷன் பீ புருஷனைப் பார்த்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். இரவெல்லாம் தூங்காமல் புரள்கிறவன் பக்கத்தில் படுத்திருக்கிறவள் அவள்தானே.

"அக்கா, நோம்பு வச்சிருக்காரு. லாரி ஓட்டிக்கிட்டு வந்து தண்ணிகூட இல்லாமக் கெடக்கறாரு. மணி அடிக்கட்டும், நோம்பு தொறந்துட்டு நானே அனுப்பறேன்."

மணி என்றால் கோயில் மணி. கடத்தூர்ப் பள்ளிவாசல் பாங்கு இவ்வளவு தூரம் கேட்காது என்பதால் ரோட்டோரத்து வீடுகளில் நோன்பு திறப்பது கோயில் தெருவின் சாயங்கால மணிக்குத்தான். அந்த மணி அடிக்கிற வேலை சவுரியப்பனுடையது. மற்ற மாசங்களில் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு முன்னே பின்னே அடிப்பான். நோன்பு மாசத்தில் மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டே நின்று, பொழுது முழுசாக உள்ளே போன பிறகுதான் கயிற்றைப் பிடிப்பான். அவன் மணியை நம்பி நாலு வீடு வாயைத் திறக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

"இல்ல தங்கச்சி" என்றாள் அருளாயி. "எனக்கு இப்ப வேண்டியது நோம்பு வாயிதான். நோம்பு வாயி பொய் பேசாதுன்னு ஊரு முச்சூடும் தெரியும். நாளைக்கு எவளும் வந்து, முனாப்பு உனக்காகச் சொன்னான்னு சொல்லக்கூடாது பாரு. வா தம்பி. என் வூட்டுக் கச்சாயத்துலயே நோம்பு தொறந்துக்கலாம். வருஷா வருஷம் உனக்குத் தட்டு அவன்தான கொண்டாருவான், இந்த வருஷம் நீயே வந்து வாங்கிக்க."

முனாப் சட்டையை மாட்டினான். பித்தானைப் போடுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. வழியெல்லாம் அருளாயிதான் பேசிக்கொண்டு வந்தாள். கொள்ளு இந்த வருஷம் பூ உதிர்ந்துபோனதைச் சொன்னாள், ராயப்பன் வந்ததும் மண்டிக்காரரிடம் முனாப்தான் கூட்டிக்கொண்டு போய் சமாதானம் பேச வேண்டும் என்றாள், டார்ச்சு லைட்டுக்கு வேண்டுமானால் இரண்டு கோழியைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றாள். முனாப் எல்லாவற்றுக்கும் "செரிங்க்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இவர்கள் வாசலுக்கு வந்தபோது வெயில் கூரை முகட்டில் மட்டும் இருந்தது. வெளியூரில் இருக்கிற பங்குக் கோயிலுக்கு நடுச்சாமப் பூசைக்குப் போகிற வண்டிகள் தெருக்கோடியில் வைக்கோல் பரப்பி நின்றன. பெண்கள் தட்டுகளோடு அப்படியே நின்றிருந்தார்கள். சவுரியப்பன் அடுப்படியிலிருந்து வெளியே வந்தான். முனாப்பைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"நில்லு தம்பி, இப்பிடி நடுவுல நில்லு. இவங்க எல்லாரும் கேக்கட்டும்." அருளாயியின் குரலில் அப்படி ஒரு தெம்பு. "எம்பையன் அந்தாண்டக் கரையில ஏறுனத நீ உங்கண்ணால பாத்தியா, இல்லியா?"

முனாப் வாயைத் திறந்து மூடினான்.

"சொல்லு தம்பி. எங்கிட்டச் சொன்னியே, அதையேதான். புங்க மரத்தப் புடிச்சுக்கிட்டு ஏறுனான்னு."

"அக்கா."

"அக்கா இங்கதான் இருக்கறேன். சொல்லு."

அவன் சவுரியப்பனைப் பார்த்தான். சவுரியப்பன் தரையைப் பார்த்தான். முனாப்பின் உதடு வறண்டு வெள்ளை பூத்திருந்தது. நாக்கால் தடவிக்கொண்டான்.

"நோம்பு வாயிங்க்கா" என்றான். "கேக்காதீங்க."

உள்ளே சட்டியில் எண்ணெய் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அருளாயி அவன் சொன்னது புரியாதவளைப் போல இன்னும் கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நோன்பு வாய் பொய் பேசாது என்று அவள்தான் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதனால் அவளுக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாமல் போயிற்று. இதை எழுதும்போதும் எனக்குத் தாங்கவில்லை.

"அவன் மேல தப்பில்ல அருளாயி" என்றான் சவுரியப்பன். "நாந்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். ரெண்டு நாளைக்குன்னுதான் சொல்லச் சொன்னேன். அப்புறம் எனக்கு வாயி வரல."

அவள் உள்ளே போனாள். பெரியம்மாள் பின்னாலேயே போகப் போனவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள். அருளாயி அடுப்பிலிருந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். துணியால் இரண்டு காதையும் பிடித்துச் சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். பானையில் இன்னும் பாதி மாவு இருந்தது. அதன் மேல் தட்டைப் போட்டு மூடினாள். எல்லாவற்றையும் நிதானமாக, அன்றாடம் செய்கிற வேலையைப் போலத்தான் செய்தாள். பெரியம்மாள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அருளாயியின் ஒரு கையில் சொம்புத் தண்ணீர், இன்னொரு கையில் இலையில் இரண்டு கச்சாயம். மேற்கே பார்த்தாள். பொழுது போய்விட்டிருந்தது.

"ஏங்க, மணி அடிக்கலியா இன்னும்?"

சவுரியப்பன் விளங்காமல் விழித்தான்.

"போயி அடிங்க. நோம்புக்காரன் தொண்ட காஞ்சு நிக்கறான். ரோட்டோரத்துல அத்தன பேரும் கஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காந்துருப்பாங்க. நம்ம வூட்டுக் கஷ்டம் நம்மளோட."

அவன் ஓடாத குறையாகக் கோயிலுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மணி கேட்டது. தெருப் பெண்கள் கையில் தட்டு இருந்ததால் சிலுவை போட முடியாமல் தலையை மட்டும் குனிந்தார்கள். அருளாயி சொம்பை நீட்டினாள்.

"தொறந்துக்க தம்பி."

"என்னால முடியாதுங்க்கா."

"நாளெல்லாம் பட்டினி கெடந்த வாயி. மொதல்ல தண்ணி குடி."

"எறங்கிப் பாருடான்னு சொன்னவன் நாந்தாங்க்கா."

"எல்லா டிரைவரும் சொல்றதுதான. குடி."

அவன் குடித்தான். அவள் கச்சாயத்தைப் பிட்டு அவன் கையில் வைத்தாள். அவன் வாயில் போட்டுக்கொண்டு மென்றான். கண்ணீர் தாடியில் இறங்கி ஓடியது, துடைத்துக்கொள்ளாமல் மென்றுகொண்டே இருந்தான். இரண்டையும் தின்று முடிக்கிறவரைக்கும் அவள் பக்கத்திலேயே நின்றாள். வீட்டுக்கு வந்த ஆள் வயிறு நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற எந்தப் பெண்பிள்ளையும் நிற்கிற மாதிரிதான் நின்றாள்.

சாயங்கால மணி நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தபோது, கொஞ்சம் விட்டு ஒரு மணி விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குகிறவரைக்கும் காத்திருந்து இன்னொன்று விழுந்தது. சாவுக்கு அடிக்கிற மணி. யாரும் சவுரியப்பனிடம் அடிக்கச் சொல்லவில்லை. ஐப்பசியிலேயே அடித்திருக்க வேண்டியதை அவன் இப்போதுதான் அடித்தான். தெருக்கோடியில் வண்டிக்காரர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

"யாரும் நிக்கவேணாம்" என்றாள் அருளாயி. "பூசைக்குப் போறவங்க வண்டியக் கட்டுங்க. மாதாவுக்குப் புள்ள பொறக்கற நேரத்துல ஊரு மொத்தமும் இங்க அழுதுக்கிட்டிருக்கக் கூடாது. உள்ள ஒரு கூடை கச்சாயம் சுட்டு வெச்சிருக்கறேன். எடுத்துக்கிட்டுப் போயி அங்க வர்ற புள்ளைங்களுக்குக் குடுங்க. இந்த வூட்டுல அது இருக்கவேணாம்."

பிறகு முனாப்பிடம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"போறப்ப என்னக் கூப்புட்டானா தம்பி?"

முனாப் சொம்பைக் கீழே வைத்தான். இந்தத் தடவை அவன் யாரையும் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

"கூப்புட்டாங்க்கா. அம்மான்னுதான் கூப்புட்டான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

ஒரு சத்தமும் இல்லை என்று அவன் சவுரியப்பனிடம் சொல்லியிருந்தது பெரியம்மாளுக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அருளாயிக்கு உள்ளுக்குள் என்ன தெரிந்ததோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நோன்பு திறந்த அந்த வாயை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது போதும் தம்பி" என்றாள்.

முந்தானையை உதறி விரித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், நாத்தனார் முன்னால் வந்து நீட்டினாள்.